நம்பர் பிளேட் படிக்கும் கேமராவோடு நோ பார்க்கிங் ரோந்து: நாகர்கோவில், கன்னியாகுமரி சாலைகளுக்கு எப்படி அமைப்பது?

கேள்வி: மீனாட்சிபுரம்74

வணக்கம். ரோந்து ஜீப்பின் கூரையில் ஏஎன்பிஆர் (நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும்) கேமரா வைத்து நோ பார்க்கிங் வண்டிகளைப் பதிவு செய்வது பற்றி ஒரு முன்மொழிவுக்குத் தொழில்நுட்பக் குறிப்பு எழுதுகிறேன். இன்னும் எதுவும் வாங்கவில்லை. டெண்டர் வாசகம் எழுதும் முன்பே ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

பாதை இரண்டு. நகருக்குள் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மணிமேடை, வேப்பமூடு, கோர்ட் ரோடு, செட்டிகுளம் என்று ஒரு சுற்று. இன்னொன்று கன்னியாகுமரியில் காந்தி மண்டபம் பக்கமும், சூரிய அஸ்தமனம் பார்க்கப் போகிற கோவளம் ரோடும். வண்டி மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாது. கூரையில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஆக இரண்டு கேமரா.

என் சந்தேகங்கள்: நம்ம ஊரில் ரோட்டோரம் நிற்பதில் பாதிக்கு மேல் பைக்கும் ஸ்கூட்டரும்தான். அந்தச் சின்ன பிளேட்டை ஓடுகிற ஜீப்பிலிருந்து படிக்க முடியுமா? கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வண்டி கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வந்து குவியும். அந்த எண்களையெல்லாம் மென்பொருள் தாங்குமா? ஆளை இறக்கிவிட ஒரு நிமிடம் நின்ற வண்டியையும் பூட்டிப் போட்டுவிட்டுப் போன வண்டியையும் எப்படிப் பிரிப்பது? கேமரா படித்ததை வைத்து நேரடியாக இ-சலான் போடலாமா?

விற்க வருகிறவர்கள் துல்லியத்தைச் சதவீதக் கணக்கில் சொல்கிறார்கள். எந்த வண்டிகளை வைத்து அளந்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

---

பதில்: ஷட்டர்2000

கேமரா பக்கத்தை நான் சொல்கிறேன். "2 மெகாபிக்சல்" என்று எழுதி வைப்பதில் பயன் கிடையாது. பிளேட்டின் மேல் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதைத்தான் டெண்டரில் எழுத வேண்டும்.

உயர் பாதுகாப்பு பிளேட்டின் அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். காருக்கு 500க்கு 120 மில்லிமீட்டர் அல்லது இரண்டு வரியாக 340க்கு 200. பைக்கின் பின்னால் 200க்கு 100, முன்னால் 285க்கு 45. எழுத்தின் உயரம் காரில் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிப்பு 10. பைக்கின் பின்பக்கம் எழுத்து 35, எண் 40, தடிப்பு 7. பைக்கின் முன்பக்கம் வெறும் 30, தடிப்பு 5.

இப்போது கணக்கு. சென்சாரின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர், 1440 பிக்சல். 8 மில்லிமீட்டர் லென்ஸ். வண்டி 4 மீட்டர் தூரத்தில். தெரிகிற அகலம் 2.5 மீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 0.58 பிக்சல். பைக்கின் பின் பிளேட் 115 பிக்சல் அகலம் வரும், எண்ணின் உயரம் 23. இது படிக்கும். கார் பிளேட் 290 பிக்சல்; கவலையே வேண்டாம். பைக்கின் முன் பிளேட்டில் எழுத்து 17 பிக்சல்தான். 20க்குக் கீழே போனால் 3ஐயும் 8ஐயும் பிரிக்கவே முடியாது. அதனால் முன் பிளேட்டை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

அடுத்தது ஷட்டர். 20 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 5.6 மீட்டர். 1/1000 விநாடியில் வண்டி 5.6 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பைக் பிளேட்டில் கோட்டின் தடிப்பே 7 மில்லிமீட்டர். கோடு முழுக்கக் கலைந்துவிடும். 1/2000 வைத்தால் நகர்வு 2.8 மில்லிமீட்டர், ஒன்றரை பிக்சல். அது போதும். குளோபல் ஷட்டர் (படம் முழுவதையும் ஒரே சமயத்தில் பிடிக்கிற) சென்சார் கட்டாயம். வரி வரியாகப் பிடிக்கிற ரோலிங் ஷட்டரில் எழுத்துகள் சாய்ந்து வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மென்பொருள்தான் குழம்பும்.

இவ்வளவு வேகமான ஷட்டருக்குச் சாயங்காலம் வெளிச்சம் பற்றாது. கேமராவோடு சேர்ந்து துடிக்கிற 850 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் விளக்கு வேண்டும். 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சென்சாரின் உணர்திறன் அங்கே வெகுவாகக் குறைந்துவிடும். இதில் நம்ம ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. உயர் பாதுகாப்பு பிளேட் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும்; அதே வெளிச்சத்தில் அது வெளுத்துப்போய் நிற்கும்போது, பக்கத்தில் பெயின்ட் அடித்த பழைய ஆட்டோ பிளேட் இருட்டாகத் தெரியும். எனவே ஒரே அளவு வெளிச்சம் வைக்காமல், ஃபிரேமுக்கு ஃபிரேம் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மாற்றி மாற்றி எடுக்கிற வசதியைக் கேளுங்கள். 2.5 மீட்டர் அகலத்தை 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 0.45 விநாடி ஆகும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு பிளேட்டுக்குப் பதினோரு படம். மூன்றாகப் பிரித்தாலும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் மூன்றுக்குக் குறையாமல் கிடைக்கும்.

இன்ஃப்ராரெட்டில் நிறங்கள் நம் கண் பார்க்கிற மாதிரி இருக்காது. தற்காலிகப் பதிவு பிளேட் மஞ்சளில் சிவப்பு எழுத்து. அந்தச் சிவப்பு இன்ஃப்ராரெட்டில் வெளுத்துவிடும், வெற்றுப் பலகை மாதிரி வரும். பச்சை மின் வாகன பிளேட்டில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து, வாடகைக்கு ஓட்டக் கொடுக்கிற கார்களில் கருப்பில் மஞ்சள் எழுத்து. இவை இருட்டுப் பின்னணியில் வெளிச்ச எழுத்து என்பதால் மென்பொருள் இரண்டு விதமாகவும் முயன்று பார்க்க வேண்டும். கடையில் ஒட்டித் தருகிற கருப்பு ஸ்டிக்கரில் சில சாயங்கள் இன்ஃப்ராரெட்டில் கருப்பாகவே தெரியாது. எனவே ஒவ்வொரு பிளேட் கேமராவுக்கும் பக்கத்தில் ஒரு கலர் கேமரா அவசியம். சாட்சிப் படமும் அதுதான்.

கோவளம் ரோட்டில் மேற்கே பார்த்து ஓட்டும்போது சூரியன் லென்ஸுக்குள்ளேயே வரும். கூட்டம் சேர்வதும் அதே நேரம். 850ஐ மட்டும் உள்ளே விடுகிற பில்டரும், 8 முதல் 10 சென்டிமீட்டர் நீண்ட கருப்பு மறைப்பும் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இன்னும் சுலபமான வழி, அந்த நேரத்தில் சுற்றுத் திசையைத் திருப்பிக் கிழக்கே பார்த்து ஓட்டுவது.

ஃபோகஸ் பற்றி ஒரு வரி: 8 மில்லிமீட்டர் லென்ஸின் துவார அளவை எஃப்4இல் வைத்து 4.6 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால் 2.3 மீட்டரிலிருந்து எவ்வளவு தூரம் வரையும் தெளிவு. ஆனால் ஃபோகஸை இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும். பகல் வெளிச்சத்தில் செய்து பூட்டினால் ராத்திரி எல்லாம் மங்கல்.

---

பதில்: கோட்டாறு ரோந்து

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் படிப்பது பாதி வேலைதான். "இந்த வண்டி, இந்த இடத்தில், இத்தனை நேரம், இந்தப் போர்டுக்குக் கீழே நின்றது" என்பதுதான் சாட்சி. பிளேட் படம் மட்டும் இருந்தால் அது எந்தத் தெரு என்றுகூடச் சொல்லாது.

நிறுத்தியதா, நின்றதா என்பதற்கு ஒரே வழி இரண்டு முறை கடப்பது. சுற்று 2.5 கிலோமீட்டர், வேகம் 15 என்றால் பத்து நிமிடத்தில் அதே இடத்துக்கு வருவீர்கள். முதல் கடப்பில் பதிவு மட்டும். இரண்டாவது கடப்பிலும் அதே எண், அதே இடம், அதே பக்கம் என்றால்தான் பட்டியலில் ஏற வேண்டும். ஆள் ஏறி இறங்க நின்றவர்கள் இதிலேயே கழிந்துவிடுவார்கள். மணிமேடையில் சாயங்காலம் நெரிசலில் சிக்கினால் சுற்று இருபத்தைந்து நிமிடம்கூட ஆகும். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, இடைவெளி குறைந்தால்தான் தவறு. குறைந்தபட்ச இடைவெளியை மென்பொருளில் பூட்டிவிடுங்கள்.

நெரிசலில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வேப்பமூட்டில் சிக்னலுக்காக வரிசையில் நிற்கிற காரும் கேமராவுக்கு நிற்கிற கார்தான். இரண்டு சுற்றிலும் ஒரே ஆட்டோ அதே வரிசையில் அகப்படுவதும் நடக்கும், ஏனென்றால் ஆட்டோ அந்தப் பகுதியையே சுற்றிக்கொண்டிருக்கும். கலர் படத்தில் ஓட்டுநர் இருக்கை தெரிகிறதா, பிரேக் லைட் எரிகிறதா, சக்கரம் சாலையோரக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு ஆள் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

இடத்தைப் பற்றி: ஜிபிஎஸ் திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் பிசகும். மாடிக் கட்டடங்கள் நெருங்கிய கோர்ட் ரோடு மாதிரி இடத்தில் இன்னும் அதிகம். பத்து மீட்டர் பிசகினால் எதிர்ப்பக்கம் ஒழுங்காக நிறுத்திய வண்டி நோ பார்க்கிங் கணக்கில் விழும். அதற்கு மருந்து எளிது. சாலையின் எந்தப் பக்கம் என்பதை ஜிபிஎஸ் புள்ளியிலிருந்து எடுக்காதீர்கள். ஜீப் போகும் திசை, படம் எடுத்தது இடது கேமராவா வலது கேமராவா, இந்த இரண்டையும் வைத்து முடிவு செய்யுங்கள். நோ பார்க்கிங் எல்லையை வரைபடத்தில் இரண்டு முனையிலும் பத்துப் பத்து மீட்டர் உள்ளே தள்ளி வரையுங்கள். அந்த ஓரத்தில் நிற்கிற நாலு வண்டி தப்பினால் தப்பட்டும்.

பைக் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஜீப்பை நம்பாதீர்கள். நம்ம கடைத்தெருவில் பைக்கைக் கடைக்கு முகம் காட்டி, சாய்த்து, ஹேண்டில் ஹேண்டிலில் இடிக்கிற மாதிரி நெருக்கி நிறுத்துகிறார்கள். பின் பிளேட் சாலையைப் பார்த்து இருந்தாலும் அடுத்த பைக்கின் சைலன்சரும் பையும் மறைக்கும். பின்பக்கமாகத் தள்ளி நிறுத்தியிருந்தால் தெரிவது முன் பிளேட் மட்டும். அது 17 பிக்சல் கதை. சட்டை மாதிரி தொங்குகிற மழைக்கோட்டு, சீட்டுக்குப் பின்னால் கட்டிய சாக்கு, மீன் பெட்டி, எல்லாம் பிளேட்டின் மேல்தான். பைக்குகளுக்கு ஜீப்பிலிருந்து இறங்கி இரண்டு பேர் பிளேட் படிக்கும் கைக்கருவியோடு நடந்து போவதுதான் சரி. ஜீப்பின் வேலை கார், ஆட்டோ, வேன், பஸ். முன்மொழிவில் இப்படிப் பிரித்து எழுதினால் செலவும் குறையும்.

கார் சாலைக்கு இணையாக நிற்கும்போது பிளேட் முன்னும் பின்னும் பார்த்து இருக்கும், பக்கவாட்டில் இருக்காது. அதனால் கேமராவை நேராக இடது பக்கம் திருப்பினால் கதவுகளைத்தான் படம் எடுப்பீர்கள். முன்நோக்கி 40 முதல் 45 டிகிரி சாய்க்க வேண்டும். 45 டிகிரியில் பிளேட்டின் அகலம் முக்கால் பங்குக்கும் கீழே சுருங்கும். 290 பிக்சல் 200 ஆகும், காருக்குப் போதும்.

---

பதில்: ரீஜெக்ஸ் குழித்துறை

படித்த எழுத்தைச் சரிபார்க்கிற இடத்தில்தான் அதிகப் பேர் சறுக்குகிறார்கள்.

டிஎன், இரண்டு இலக்கம், ஒன்று அல்லது இரண்டு எழுத்து, நாலு இலக்கம் என்ற இலக்கணத்தை வைத்து இடத்துக்கு ஏற்பத் திருத்தலாம். எழுத்து வரவேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தால் அது பெரும்பாலும் டி (D). இலக்கம் வரவேண்டிய இடத்தில் எஸ் வந்தால் அது 5. ஆனால் பாரத் சீரிஸ் (மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத) எண் தலைகீழாக வரும்: முதலில் பதிவான ஆண்டின் இரண்டு இலக்கம், பிறகு பிஎச், நாலு இலக்கம், கடைசியில் ஒன்று அல்லது இரண்டு எழுத்து. 2021இல் வந்த முறை. இதைச் சேர்க்காத மென்பொருள் தொடக்கத்தில் வரும் 22ஐ இரண்டு இசட் ஆக்கி, பிஎச்சில் பியை 8 ஆக்கிவிடும். அப்புறம் அந்த வண்டி எந்த மாநிலத்திலும் இருக்காது.

தெலங்கானாவுக்கு டிஎஸ், டிஜி இரண்டையும் ஏற்க வேண்டும். 2024 மார்ச்சில் டிஜி வந்தது, பழைய வண்டிகள் டிஎஸ்ஸாகவே ஓடுகின்றன. கேரளத்தில் நம்ம பக்கம் அதிகம் வருவது கேஎல் 01 திருவனந்தபுரம், கேஎல் 19 பாறசாலை, கேஎல் 20 நெய்யாற்றின்கரை. கே, எல் இரண்டும் கோடுகள்தான். ஓரத்தில் அழுக்குப் படிந்தால் எல் காணாமல் போய்விடும். பழைய பிளேட்டில் கடைசி எண் 123 என்று மூன்று இலக்கமாகவே இருக்கும். அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் தேடும்போது 0123 என்று நாலு இலக்கமாக நிரப்ப வேண்டும்.

பிளேட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய பிளேட்டில் திருகாணி எழுத்துகளின் நடுவில்தான் இறங்கியிருக்கும். பூஜ்யத்தின் நடுவில் ஒரு திருகாணித் தலை இருந்தால் மென்பொருள் அதை 8 என்று படிக்கும். ஒன்றின் தலைக்குப் பக்கத்தில் துருப்பிடித்த திருகாணி இருந்தால் 7 என்று படிக்கும். துரு கீழே வழிந்திருந்தால் இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒரு கோடு முளைக்கும். ஐயப்ப சீசன் வண்டிகளில் பம்பரில் கட்டிய வாழைக்கன்றின் இலை, சாமந்தி மாலை, பேனர் துணி மூன்றும் பிளேட்டின் பாதியை மறைக்கும். பாதி படித்ததை நிரப்பிக்கொள்கிற வசதி எதுவும் மென்பொருளில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

தமிழில் எழுதிய பிளேட்டையும், பெயரும் கட்சிக் கொடியும் சேர்ந்த பிளேட்டையும் படிக்கவில்லை என்று தனியாக ஒதுக்குங்கள். பிளேட் விதி மீறல் தனிக் குற்றம், அதைப் பார்க்கிங்கோடு குழப்ப வேண்டாம்.

முக்கியமானது இது. நம்ம மாவட்டத்தின் டிஎன் 74, 75இல் ஒரு சீரிஸ் தீர்ந்த பிறகுதான் அடுத்தது தொடங்குகிறது. பழைய சீரிஸில் 0001 முதல் 9999 வரை ஏறக்குறைய எல்லா எண்ணும் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. ஒரு இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் அது இல்லாத எண்ணாக இருக்காது. தோவாளையிலோ ஆரல்வாய்மொழியிலோ வீட்டு முற்றத்தில் நிற்கிற ஒரு ஸ்கூட்டரின் எண்ணாக இருக்கும். "வாகனில் இருக்கிறது, எனவே சரி" என்ற சோதனை ஒன்றையும் நிரூபிக்காது. வாகனில் வருகிற வண்டி வகையையும் தயாரிப்பாளரையும் கலர் படத்தோடு ஒப்பிட வேண்டும். படத்தில் வெள்ளைக் கார், பதிவில் மொபெட் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். பதிவில் நிறத்தின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சோடியம் விளக்கில் வெள்ளையும் மஞ்சளாகும்.

துல்லியத்தை நீங்களே அளக்கலாம். 500 பிளேட் எடுங்கள்: கார் உயர் பாதுகாப்பு பிளேட், பழைய கார் பிளேட், ஆட்டோ, பைக் பின்பக்கம், வெளிமாநிலம் என்று ஐந்து வகை, வகைக்கு நூறு. வீடியோவைப் பார்த்து ஒரு ஆள் எண்ணைத் தட்டச்சு செய்யட்டும். பிறகு இரண்டு கணக்கைத் தனித்தனியாக எழுதுங்கள்: படிக்காமல் விட்டது எத்தனை, தப்பாகப் படித்தது எத்தனை. இரண்டையும் ஒரே சதவீதமாகக் கூட்டிச் சொல்லும் அறிக்கையை ஏற்காதீர்கள். படிக்காமல் விட்டால் ஒரு வண்டி தப்பும், அவ்வளவுதான். தப்பாகப் படித்தால் சம்பந்தமே இல்லாத ஒருவர் வேலையை விட்டுவிட்டு அலைவார். நாளைக்கு ஆயிரம் வாசிப்பில் ஒரு சதவீதம் தப்பென்றால் பத்துப் பேர். நம்பிக்கை அளவை (தன் வாசிப்பு எவ்வளவு உறுதி என்று மென்பொருள் தரும் மதிப்பை) மொத்த எண்ணுக்கு வைக்காமல் ஒவ்வொரு எழுத்துக்கும் வையுங்கள். குறைந்தது மூன்று ஃபிரேமில் ஒரே வாசிப்பு வராவிட்டால் தள்ளுங்கள்.

---

மீனாட்சிபுரம்74

மிக்க நன்றி அண்ணாச்சிமாரே. பைக்கைக் கைக்கருவிக்கு மாற்றுகிறேன். சட்டப் பக்கம் யாராவது சொன்னால் நல்லது. ஒப்பந்தக்காரர் ஆளே ஜீப்பில் உட்கார்ந்து அபராதம் போடலாமா? படத்தை எத்தனை நாள் வைக்க வேண்டும்?

---

பதில்: தக்கலை வக்கீல்

ஒப்பந்தக்காரர் அபராதம் போட முடியாது. பார்க்கிங் கட்டணம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி ஏலம் விடலாம். மோட்டார் வாகனச் சட்டப்படி சலான் போடுவது அதிகாரம் பெற்ற காவல், போக்குவரத்து அலுவலர் வேலை. ஒப்பந்தக்காரர் வண்டி, கேமரா, ஆள் தரலாம். முடிவும் கையெழுத்தும் அலுவலருடையது.

எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து சாட்சியும் மாறும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, ஆபத்தோ இடைஞ்சலோ தேவையற்ற சிரமமோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுவைப்பதைச் சொல்கிறது. அப்படியானால் படத்தில் இடைஞ்சல் தெரிய வேண்டும்: பாதி சாலையை அடைத்து நிற்கிறது, பஸ் நிறுத்தத்தை மறைக்கிறது என்பது மாதிரி. போர்டை மீறியது என்றால் 119. அங்கே போர்டு தெரிய வேண்டும். எந்த வண்டிக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது போர்டில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மரக்கிளை மறைத்த போர்டு, விளம்பரம் ஒட்டிய போர்டு இருக்கிற இடங்களை முதலில் சரிசெய்யாமல் ரோந்து தொடங்குவது வீண்வேலை. நடைபாதை, பாதசாரிக் கடப்பு, பஸ் நிறுத்தம், பாலம், பிறர் வாசல் முன்பு ஆகியவற்றில் நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் நிறுத்துவது அந்தக் கணக்கில் வரும்.

177ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், மறுபடியும் என்றால் 1,500. 2019 திருத்தத்துக்குப் பிறகான தொகை.

மின்னணு கருவி வைத்து அமல்படுத்துவதற்கு 136ஏ பிரிவும், 2021 ஆகஸ்டில் சேர்த்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏவும் அடிப்படை. ஏஎன்பிஆர், டேஷ்போர்டு கேமரா, உடலில் அணியும் கேமரா எல்லாம் அந்த விதியின் கருவிப் பட்டியலில் இருக்கின்றன. கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு நடக்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை அந்தச் சாலைப் பகுதிக்கு முன்பே இருக்க வேண்டும். படத்தில் இடம், தேதி, நேரம் மின்னணு முத்திரையாகப் பதிந்திருக்க வேண்டும். 2021 விதி அறிவிப்பு அனுப்ப வைத்த கெடு 15 நாள். அறிவிப்பில் குற்றமும் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், பிரிவு, இடம், நேரம் எல்லாம் இருக்க வேண்டும்.

வழக்கு முடியும் வரை அந்த மின்னணுப் பதிவை வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் மின்னணுச் சாட்சியம் பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இடத்தில் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. அதன் சான்றிதழ் இரண்டு பாகம்: கருவியை வைத்திருப்பவர் தருவது ஒன்று, நிபுணர் தருவது ஒன்று. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பில் எது மாறினாலும் தானும் மாறிவிடுகிற அடையாள எண்) கேட்கிறார்கள். எனவே படம் எடுத்த அதே நொடியில் எஸ்எச்ஏ-256 ஹாஷ் போட்டுத் தனிப் பதிவில் எழுதிவிடுங்கள். வெளிச்சம் கூட்டுவது, வெட்டுவது எல்லாம் நகலில் மட்டும். மூலத்தைத் தொட்டால் ஹாஷ் மாறும், வழக்கு அங்கேயே முடிந்தது.

குற்றமில்லாத வண்டிகளின் எண்களை அன்று இரவே அழியுங்கள். யார் எந்த நாளில் கோர்ட் ரோட்டில், எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றார் என்ற பட்டியல் அரசிடமோ ஒப்பந்தக்காரரிடமோ சேரத் தேவையே இல்லை. அழித்ததற்கான பதிவையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டில் கேமரா கார்கள் ஓடுகின்றன என்று முன்மொழிவில் எழுதுவீர்கள். இங்கிலாந்தில் 2015 முதல், பஸ் நிறுத்தம், பள்ளி வாசல் போன்ற சில இடங்கள் தவிர, சாலையோரப் பார்க்கிங்குக்கு கேமராவை மட்டும் வைத்துத் தபாலில் அபராதம் அனுப்புவதைத் தடை செய்துவிட்டார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

பதில்: சின்னமுட்டம் காத்து

கடற்கரைப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு மட்டும் இது.

உப்புக் காற்று இரண்டே நாளில் கேமராக் கண்ணாடியில் மெல்லிய படலம் போடும். பகலில் தெரியாது. ராத்திரி இன்ஃப்ராரெட் அடித்தால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெள்ளை. விளக்கும் லென்ஸும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் இன்னும் மோசம். இரண்டுக்கும் தனித்தனி ஜன்னல் உள்ள கேமரா வாங்குங்கள். தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் நல்ல தண்ணீரால் நனைத்து மைக்ரோ பைபர் துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பே கீறிவிடும். இணைப்புகள் எல்லாம் தூசும் தண்ணீரும் புகாத ஐபி67 எம்12 வகை, போல்ட் 316 ஸ்டெயின்லெஸ். நம்ம மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் பெய்வதால் கூரையில் கேபிள் இறங்கும் ஓட்டையில் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு உள்ளே எடுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரம்: பிளேட் கேமரா இரண்டுக்கு 24 வாட், கலர் கேமரா இரண்டுக்கு 12, கணினி 30, ரவுட்டர் 8. மொத்தம் 74 வாட், 12 வோல்ட்டில் ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். ஆறு மணி நேர ரோந்துக்கு 37 ஆம்பியர் மணி. ஜீப்பின் ஸ்டார்ட்டிங் பேட்டரியில் இதைத் தொங்கவிட்டால் சாயங்காலம் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 60 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி தனியாக, டிசி-டிசி சார்ஜர் வழியாக. கணினிக்கு 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் சப்ளை வையுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும் நொடியில் வோல்டேஜ் இறங்கிக் கணினி மறுதொடக்கம் ஆகும். அப்போது சில கேமராக்களின் கடிகாரம் 1970க்குப் போய்விடும். நேரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்து, அது பூட்டிக்கொள்ளும் வரை பதிவே தொடங்காதபடி செய்யுங்கள்.

---

மீனாட்சிபுரம்74

நேர முத்திரை விஷயம் என் குறிப்பில் இல்லவே இல்லை, சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று: முதலில் எந்தச் சாலையில் தொடங்குவது?

---

பதில்: கோட்டாறு ரோந்து

கன்னியாகுமரியை இப்போது தொடாதீர்கள். வெளிமாநில வண்டி, சூரிய வெளிச்சம், உப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது. நகருக்குள் போர்டு சரியாக உள்ள ஒரே ஒரு பகுதி, 400 முதல் 500 மீட்டர், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. பதிவு மட்டும், சலான் கிடையாது. முதல் மாதம் பட்டியலில் ஏறுகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஆள் நடந்து போய் எண்ணை நேரில் பார்த்து எழுதட்டும், கண்ணாடியில் எச்சரிக்கைச் சீட்டு மட்டும் செருகட்டும். அந்தக் கையெழுத்துப் பட்டியலையும் கேமராப் பட்டியலையும் தினமும் சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறுகிற ஒவ்வொரு எண்ணுக்கும் படத்தைத் திறந்து காரணம் எழுதுங்கள்: திருகாணி, அழுக்கு, கோணம், வெளிச்சம், பாதி மறைப்பு. தொடர்ந்து பத்து ரோந்து நாளில் தப்பாகப் படித்த எண் ஒன்றுகூட பட்டியலின் கடைசிக் கட்டத்துக்கு வராமல் இருந்தால் அடுத்த சாலையைச் சேருங்கள். ஒன்று வந்தாலும் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.